பீதியும் பேதியும்

1988ஆம் ஆண்டின் ஐப்பசி அடைமழையில், காரைக்குடியிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கண்மாய்க் கரைச் சேற்றில் வழக்கத்துக்கு மாறான பெரிய கால்தடம் ஒன்றைக் கண்டார். சொல்லியனுப்பியதும் வனக்காவலர் சைக்கிளில் வந்தார், குனிந்து பார்த்தார், நாயின் தடம்தான், மழையில் ஓரம் கரைந்து அகன்றுபோயிருக்கிறது என்றார், டீ குடித்துவிட்டுத் திரும்பினார். நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். எழுதிய தாளைக் கவரில் போட்டு மதுரைப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவதும், அச்சான செய்தியை வெட்டி ஒட்டி, அதன் நீளத்தை அளந்து மாதக் கடைசியில் கணக்கு எழுதி அனுப்புவதும்தான் அந்த வேலை. சம்பளமும் அந்த நீளத்துக்குத்தான். அன்று நான் அனுப்பியது ஆறு வரி. தடத்தைக் கண்டவர் சொன்னதும் வனக்காவலர் சொன்னதும் அதில் இருந்தன. ஊரார் பயந்ததாக ஒரு சொல்லும் இல்லை, ஏனென்றால் ஊரார் பயப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தச் செய்தி ‘சிறுத்தை நடமாட்டமா? கிராம மக்கள் பீதி’ என்ற தலைப்போடு மூன்று பத்தி அகலத்தில் வந்தது. வனக்காவலரின் கூற்று கடைசி வரிக்குப் போயிருந்தது. அதற்கு முன்னால், நான் எழுதாத இரண்டு வாக்கியங்களில், மக்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சுவதாக இருந்தது. டீக்கடையில் ஒருவர் அதை உரக்கப் படித்தார். அன்று பொழுது சாயும் முன்பே ஆடுகள் பட்டிக்குத் திரும்பிவிட்டன. திண்ணையில் படுக்கிறவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். தடத்தை முதலில் கண்டு, நாய்த் தடம்தான் என்று தானே ஒத்துக்கொண்ட அந்த மனிதர்கூட மறுநாள் கையில் அரிவாளோடு மேய்ச்சலுக்குப் போனதை நான் பார்த்தேன். பத்திரிகை பொய் சொல்லிவிட்டது என்று இப்போது சொல்ல முடியாது. அச்சான மறுநாள் அது உண்மையாகிவிட்டது.

எங்கள் அப்பத்தாவுக்கு அப்போது எழுபது வயது இருக்கும். கண் மங்கிவிட்டதால் நாள்தோறும் முகப்பில் உட்கார்ந்து பத்திரிகையைப் படித்துக்காட்டச் சொல்லுவார். பேரன் எழுதிய செய்தி என்ற பெருமையோடு அன்று அதைப் படித்தேன். தலைப்பைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. “நம்மூருலயா? பேதியா? யாருக்குக் கண்டிருக்கு?” என்றார். வாந்திபேதியில் ஒரே வாரத்தில் ஒரு தெருவே காலியானதைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். பேதி இல்லை அப்பத்தா, பீதி, அப்படியென்றால் பயம் என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பயம்னா பயம்னு எழுத வேண்டியதுதானே. சரி, யாரு பயந்தா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு ஒருநாள் மதுரை அலுவலகத்துக்குப் போனபோது அந்தப் பக்கத்தைப் பார்க்கும் உதவி ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “தடம் கண்டாங்க, நாய்னு தெரிஞ்சுதுன்னா அதுல செய்தி எங்க இருக்கு தம்பி? பீதின்னு போட்டாத்தான் மூணு பத்தி” என்றார். அந்த மாதம் எனக்கு நீளத்தின் பேரில் கூடுதலாக வந்த தொகையை நான் திருப்பித் தரவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அந்த வேலையை விட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால் காலையில் பத்திரிகையை விரித்ததும் அச்சத்தைச் சொல்லும் சொற்களின் மேல் கண் தானாகவே போய் நிற்கும் பழக்கம் போகவில்லை. அப்பத்தாவின் கேள்வியை ஒவ்வொரு தலைப்பிடமும் கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலான தலைப்புகள் பதில் சொல்வதில்லை.

அச்சத்துக்குத் தமிழில் ஒருகாலத்திலும் சொற்பஞ்சம் இருந்ததில்லை. ‘பேநாம் உருமென வரூஉங் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள’ என்று தொல்காப்பிய உரியியல் பே, நாம், உரும் என்ற மூன்று சொற்களை ஒரே மூச்சில் எடுத்து வைக்கிறது. இன்று யாரும் அவற்றை அந்தப் பொருளில் எழுதுவதில்லை. பயம் வடமொழியிலிருந்து வந்தது. ‘பயங்கெழு மாமழை’ என்று பழம்பாட்டில் வருகிற பயம் வேறு. அது பயன் என்னும் பொருள் கொண்ட தமிழ்ச் சொல். பீதியும் வடசொல்தான், பயத்தோடு ஒரே வேரில் பிறந்தது. திகிலுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் உறவுச் சொற்கள் இருக்கின்றன. நடுக்கம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவை உடம்பின் அசைவிலிருந்து எழுந்தவை. கலக்கம் தண்ணீரிலிருந்து எழுந்தது. ஊரணியில் குடிதண்ணீர் எடுக்கும் படித்துறையில் யாரும் கால் கழுவக் கூடாது என்று காவல் போட்டு வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடியில் படிந்து கிடக்கும் சேறு மேலே வருவதுதான் கலக்கம், அது மறுபடி தெளியப் பொறுமை வேண்டும்.

ஒரே வேரில் பிறந்தும் பயமும் பீதியும் பத்திரிகையில் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை. பேச்சில் ஓயாமல் புழங்கும் பயம் தலைப்பில் அரிதாகவே வரும். பேச்சில் ஒருவர் வாயிலும் வராத பீதி தலைப்பில் நாள்தோறும் வரும். இதற்கு ஒரு பகுதிக் காரணம் மிக எளியது, அச்சகம் சார்ந்தது. பீதி இரண்டெழுத்து. கிலியும் இரண்டெழுத்து. அச்சம் நான்கு, கலக்கம் ஐந்து, பதற்றம் ஐந்து, பரபரப்பு ஆறு. ஈய எழுத்தைக் கோத்த காலத்திலும் கணினியில் பக்கம் கட்டும் இந்தக் காலத்திலும், பெரிய எழுத்தில் ஒற்றைப் பத்திக்குள் தலைப்பை அடக்க வேண்டிய உதவி ஆசிரியருக்கு இரண்டெழுத்துச் சொல் வரப்பிரசாதம். நம் மொழியின் மிகக் கடுமையான அச்சச் சொல்லே மிகக் குட்டையான சொல்லாகவும் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் அதன் விலையைப் படிக்கிறவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எழுத்தெண்ணிக்கையால் விளக்க முடியாத இன்னொரு ஒழுங்கும் உண்டு. யாருக்கு எந்தச் சொல் என்பதில் பத்திரிகைகள் ஒரு மரியாதை வரிசை வைத்திருக்கின்றன. விவசாயிகள் கவலைப்படுவார்கள். வணிகர் சங்கத்தினர் அச்சம் தெரிவிப்பார்கள். அமைச்சர் வேதனை அடைவார், நிபுணர் எச்சரிக்கை விடுப்பார், முதலீட்டாளர் தயக்கம் காட்டுவார். எதிர்க்கட்சிக்கு எந்நாளும் கலக்கம், சில ஏடுகளில் கிலி. தங்கம் விலை ஏறினால் நகைப்பிரியர்களுக்கும் தக்காளி விலை ஏறினால் இல்லத்தரசிகளுக்கும் அதிர்ச்சி. நடுங்கும் உடம்புக்கென்று இருந்த கிடுகிடு என்ற இரட்டைக்கிளவியை இப்போது விலைவாசிக்கே கொடுத்துவிட்டார்கள். தக்காளி கிடுகிடு உயர்வு என்கிறார்கள், விலை நடுங்கிக்கொண்டே ஏறுகிறது போலும். பீதி இவர்களில் எவருக்கும் கிடையாது. அது கிராம மக்களுக்கும், பொதுமக்களுக்கும், ரயில் பயணிகளுக்கும், வாகன ஓட்டிகளுக்கும் உரியது. எப்போதும் பன்மை, எப்போதும் பெயரில்லாதவர்கள். ஓர் அமைச்சர் பீதியடைந்தார் என்று செய்திப் பக்கத்தில் நான் இதுவரை படித்ததில்லை. அமைச்சர்களும் மனிதர்கள், அவர்களுக்கும் இரவில் தூக்கம் வராமல் இருக்கும்.

பீதி என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருப்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அச்சத்துக்குக் காரணம் இருக்கலாம். பீதிக்கு அறிவு இல்லை என்பது அந்தச் சொல்லின் உட்கிடை. இது எனக்கு உறைத்தது 2012ஆம் ஆண்டில்தான். 2004 டிசம்பர் 26 அன்று தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோனது. அதுவரை சுனாமி என்ற சொல் நம் வீடுகளில் இல்லை. பத்திரிகைகள் முதலில் கடல் கொந்தளிப்பு என்றன, பிறகு ஆழிப்பேரலை என்றும் எழுதிப் பார்த்து, கடைசியில் சுனாமியிலேயே நிலைத்தன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்து, நம் கடற்கரைக்கு எச்சரிக்கை விடப்பட்டபோது மக்கள் கரையை விட்டு விலகி ஓடினார்கள். சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது, பேரலை வரவில்லை. தொண்டிக் கடற்கரை எங்களுக்கு வெகு தொலைவில்லை. அங்கிருந்து தேவகோட்டை வரை வந்து உறவினர் வீட்டில் இரவு தங்கித் திரும்பிய குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் செய்தது முன்யோசனை. ஆனால் மறுநாள் அவர்கள் ‘சுனாமி பீதி’யில் ஓடியவர்கள் ஆகிவிட்டார்கள். அலை வந்திருந்தால் அதே ஓட்டத்துக்கு ‘உயிர் தப்பினர்’ என்று பெயர். ஓடியவர் அறிவாளியா அறிவிலியா என்பதைக் கடல் முடிவு செய்த பிறகு, பத்திரிகை சொல்லைத் தேர்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்களையும் எண்ணிச் சொல்கிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ இந்த நூற்பாவை இன்றைய மாவட்டப் பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. அணங்கு என்றால், நள்ளிரவில் வெள்ளை உருவம் நடமாடுவதாகக் கிளம்பும் வதந்தி. விலங்கு என்றால் சிறுத்தை, காட்டுயானை, இப்போது தெருநாய். கள்வர் என்றால் முகமூடிக் கொள்ளையர். இந்த மூன்றுக்கும் பீதி என்ற சொல் தாராளமாகக் கிடைக்கும். நான்காவதாகிய ‘தம் இறை’, அதாவது ஆள்கிறவர், வரும்போதுதான் பேனா வேறு சொல் தேடுகிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த எங்கள் தெருப் பெண்களின் முகத்தில் நான் கண்டது அச்சம். வீட்டுக்காரருக்குத் தெரியாத பணத்தை யாரிடம் கொடுத்து மாற்றுவது என்ற, வெளியே சொல்ல முடியாத அச்சம். ஏட்டில் படித்ததோ அவதி, தவிப்பு, குழப்பம், நீண்ட வரிசை. அரசு தரும் அச்சத்துக்கு நம் பத்திரிகைத் தமிழில் பெயர் அவதி.

அஞ்சுகிறவர் இல்லாமலே அஞ்சும் வித்தையும் பத்திரிகைக்குத் தெரியும். ‘பலி எண்ணிக்கை மேலும் உயரக்கூடும் என அஞ்சப்படுகிறது’ என்ற வாக்கியத்தை ஒவ்வொரு விபத்திலும் படிக்கிறோம். ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் நடையை அவசரத்தில் தமிழாக்கியபோது நுழைந்து நிலைத்துவிட்ட வாக்கியம் இது. அஞ்சப்படுகிறது, சரி, யாரால்? எங்கள் ஊரில் யாராவது ‘இன்று மழை வராது என அஞ்சப்படுகிறது’ என்று சொன்னால் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தமிழில் அஞ்சுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அப்பத்தா கேட்டதும் அந்த ஆளைத்தான். செயப்பாட்டு வினைக்குள் அந்த ஆள் மறைந்துபோகிறார், அவருடைய இடத்தில் செய்தியாளர் உட்கார்ந்துகொண்டு தன் ஊகத்தை ஊராரின் நெஞ்சில் ஏற்றிவிடுகிறார்.

பதற்றத்துக்கு நேர்ந்தது இதைவிட வேடிக்கையானது. தேர்தல் வந்தால் ‘பதற்றமான வாக்குச்சாவடிகள்’ என்று பட்டியல் வருகிறது. பதறுவது மனிதர்களும் அவர்களுடைய கைகளும். சுண்ணாம்பு அடித்த பள்ளிக்கூடக் கட்டடம் எப்படிப் பதறும் என்று எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் ஒருவர் ஒவ்வொரு தேர்தலின்போதும் கேட்பார். அவருடைய பள்ளி இரண்டு முறை அந்தப் பட்டியலில் இருந்தது.

பயங்கரம் என்ற சொல்லை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். பயத்தைச் செய்வது பயங்கரம். கடைவாசலில் தொங்கும் செய்திச் சுவரொட்டியில் ‘காரைக்குடி அருகே பயங்கரம்’ என்று இருந்தால், என்ன நடந்தது என்று அறியக் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க வேண்டும். அந்தச் சுவரொட்டியின் வேலையே அதுதான். அருகே என்பது பதினைந்து மைல் தள்ளியும் இருக்கலாம், சிற்றூரின் துயரம் பேரூரின் பெயரில்தான் விற்கும். இதே சொல்தான் பயங்கரவாதம் என்று அரசியலுக்குள்ளும் போயிற்று. இலங்கையில் 1979ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றே தமிழில் பெயர். நம் பக்கத்துச் செய்திகளிலோ பயங்கரவாதி, தீவிரவாதி என்ற இரண்டு சொற்களும் ஒரே செய்திக்குள் இடம் மாறி மாறி வருகின்றன. ஒன்று பிறரை அஞ்ச வைப்பவரைக் குறிக்கிறது. மற்றொன்று தன் கொள்கையில் கடுமையானவரைக் குறிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் தலைவிதியே கிடக்கும்போது, எந்தச் சொல் என்று தீர்மானிக்கிற பொறுப்பு பல நேரம் நள்ளிரவுப் பணியில் இருக்கும் ஓர் இளைஞரின் கையில் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை.

வார இதழ்களின் கதை வேறு. அங்கே அச்சம் ஒரு பண்டம், அதைப் படிக்கிறவர் விரும்பியே வாங்குகிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிபட்ட வீடுகளின் தூண்களுக்கும் பர்மாத் தேக்குக் கதவுகளுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் நடுவே, வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து வீட்டுப் பெண்கள் பைண்டு செய்து வைத்திருந்த தொகுதிகளும் கிடக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அவற்றைச் சீண்டுவதில்லை, ஆகவே எனக்கு மலிவாகக் கிடைக்கும். புரட்டினால் திகில், மர்மம், திடுக்கிடும் திருப்பம். வாரம் முழுதும் காத்திருந்து, அடுத்த இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று ஆச்சிகள் சண்டை போட்டுக்கொண்டது இந்தத் திகிலுக்காகத்தான். குமுதத்தை 1947இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. அண்ணாமலை இந்தப் பகுதிக்காரர் என்பதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. திகில் என்ற சொல்லைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது தன்னை ஒளித்துக்கொள்வதில்லை. இது கதை, உன்னைப் பயமுறுத்தப் போகிறேன், சம்மதமா என்று அட்டையிலேயே கேட்டுவிடுகிறது.

வார இதழின் திகில் செய்தித்தாளுக்குள் குடிபெயர்ந்ததுதான் குறை. ‘திக் திக் நிமிடங்கள்’, ‘பகீர் தகவல்’, ‘பதைபதைக்கும் காட்சி’ என்று இப்போது கைப்பேசியில் வந்து விழும் தலைப்புகளில் இருப்பவை உடம்பின் சொற்கள். நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும், வயிறு பகீரென்னும், குலை பதறும். அந்த ஒலிகள் எல்லாம் ஒரு மனிதர் இன்னொருவரிடம் நேருக்கு நேர் சொல்லும்போது பயன்பட்டவை; சொல்கிறவரின் முகத்தைப் பார்த்து அவர் சொல்வது மெய்யா என்று அளந்துகொள்ள முடிந்தது. முகமில்லாத பகீர் என்னவாக முடியும்? விரலால் அழுத்தினால் வழுக்கி விழுந்து எழுந்த ஒருவரின் காணொளி.

சட்டத்துக்கும் இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது. பொதுமக்களிடையே அச்சத்தையோ பீதியையோ உண்டாக்கும் வதந்தியைப் பரப்புவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 505ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நடத்தை நெறிகளும், தலைப்பு பரபரப்பூட்டக் கூடாது, கீழே அச்சாகும் செய்திக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்று சொல்கின்றன. வாட்ஸ்அப்பில் வதந்தி பரப்பியவரைக் கைது செய்த செய்தி, பீதி கிளப்பியவர் சிக்கினார் என்ற தலைப்போடு, இன்னொரு பீதித் தலைப்புக்குப் பக்கத்திலேயே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லின் விலை தெரிந்திருக்க வேண்டும் என்று சில நேரம் நினைப்பேன். கடன் கொடுத்து வாங்கிய தொழிலுக்கு வாய்ச்சொல்லும் ஒரு தூணாக இருந்தது. 1906இல் சென்னையின் அர்பத்நாட் வங்கி நிறுவனம் முறிந்து பெரிய மனிதர்களும் சிறு சேமிப்பாளர்களும் ஒன்றாகக் கவிழ்ந்ததைக் கண்ட பிறகுதான், மறு ஆண்டில் நகரத்தாரும் சேர்ந்து இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. கடையில் பணம் குறைந்தால் ‘கொஞ்சம் முடை’ என்று சொல்வார்களே தவிர, அதற்கு மேலான சொல்லைப் பெட்டியடியில் உட்கார்ந்து யாரும் சொல்லமாட்டார்கள். அந்தச் சொல்லே கடையைக் கவிழ்த்துவிடும் என்பது பெட்டியடிப் பையனுக்கும் தெரியும்.

கடை மட்டுமல்ல, வீடும் அப்படித்தான் இருந்தது. மெய்யாகவே அஞ்சியதை எங்கள் வீட்டார் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பொழுது சாய்ந்தபின் பாம்பு என்று சொல்லக் கூடாது, பூச்சி என்று சொல்ல வேண்டும். பெரியம்மை வந்த வீட்டில் அம்மா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறது என்பார்கள். வேப்பிலை செருகிய வாசலைக் கண்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போவார்கள். விளக்கை அணை என்று சொல்லமாட்டார்கள், அமர்த்து என்பார்கள். இன்றும் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சி ஒருவர் எனக்குத் தெரிந்தவர். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வட்டாரத்தில் எங்கேயாவது நகைக்காக ஒரு முதியவரைத் தாக்கினால், ‘தனியாக வசிக்கும் முதியோர் பீதி’ என்று செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு நான் அவரைப் பார்க்கப் போனால், அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டார். பின்கட்டுக் கதவுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கும். காப்பி கொடுத்துவிட்டு, “இப்பல்லாம் தூக்கம் கொஞ்சம் கம்மி” என்பார்.

அப்பத்தாவின் கணவரான எங்கள் ஐயா, பர்மாவின் மாந்தலேயில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தார். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரலில் மாந்தலே எரிந்தது. பல லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள், கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியில் நடந்தார்கள். ஐயா தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தவர்களில் ஒருவர். இங்கே எங்கள் வீட்டில் நான்கு மாதம் அவரிடமிருந்து கடிதம் இல்லை. அந்தக் காலத்தில் நல்ல செய்தி கடிதத்தில் வரும், கெட்ட செய்தி தந்தியில் வரும். தந்தி என்ற சொல்லே ஓர் அச்சச் சொல்லாக இருந்தது. தந்திக்காரரின் சைக்கிள் தெருவில் திரும்பினாலே அது எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அதே 1942இல் மதுரையில் தொடங்கிய நாளிதழ் ஒன்று தந்தி என்பதையே தன் பெயரில் வைத்துக்கொண்டு வெற்றியும் பெற்றது என்பதை நினைத்தால், ஒரு சொல் வீட்டு வாசலில் நிற்பதற்கும் கடை வாசலில் தொங்குவதற்கும் உள்ள தூரம் புரிகிறது.

அந்த வைகாசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தந்தி எங்கள் வாசலில் நின்றது. அப்பத்தாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. உறையை வாங்கிச் சாமி அறை நிலைப்படியில் வைத்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் அடுத்த தெருவில்தான் இருந்தார். அவரைக் கூப்பிட யாரும் போகவில்லை. பெரியவர்கள் முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் இரண்டாம் கட்டில் உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைகளைக்கூட யாரும் அதட்டவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த மனிதர் தாமாகவே கேள்விப்பட்டு வந்து உறையைப் பிரித்தார். கல்கத்தா வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஐயா அனுப்பியிருந்தார்.

அப்பத்தா இதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். சிறுத்தைச் செய்தி வந்து சில நாள் கழித்தும் ஒருமுறை சொன்னார். அன்று எப்படி இருந்தது, பயமாக இருந்ததா என்று நிருபர் புத்தியில் கேட்டேன். தந்தி வந்ததிலிருந்து பிரிக்கிற வரை அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்.

“அன்னைக்கு உலை வைக்கலை.”